கூரையை நீட்டியவர்கள்

திருச்சி பாலக்கரையில் என் அப்பாவுக்கு ஒரு டிங்கரிங் பட்டறை இருந்தது. மூன்று பக்கம் தகரத் தடுப்பு, நான்காவது பக்கம் ஒரு வேப்பமரம். 1983-இல், எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சை முடிந்து நான் அங்கேயே கிடந்த கோடையில், வாழை இலை மொத்த வியாபாரி ஒருவர் தன் அம்பாசடரைக் கொண்டுவந்து மர நிழலில் நிறுத்தினார்.

"டிக்கியில வச்சா இலையெல்லாம் மடங்கிக் கிழிஞ்சுபோகுது மேஸ்திரி. பின்சீட்டு, டிக்கி ரெண்டையும் ஒண்ணாத் தொறந்து விட்டுருங்க. இலைக்கட்டு நீட்டமாப் படுக்கணும். மழை பெஞ்சாலும் உள்ள ஒரு சொட்டு விழக்கூடாது" என்றார்.

லோடு வண்டி வாங்கலாமே என்று அப்பா கேட்டார். அவரோ அதே வண்டியில்தான் குடும்பத்தோடு சமயபுரம் போக வேண்டும் என்றார். காலையில் இலை, மாலையில் பேரப்பிள்ளைகள். அப்பா ஒப்புக்கொண்டார்.

பின் கண்ணாடியைக் கழற்றி, அதன் கீழிருந்த பலகைத் தகட்டையும், சீட்டுக்குப் பின்னால் குறுக்கே நின்ற தடுப்புத் தகட்டையும் கேஸ் கட்டிங்கில் வெட்டி எடுத்தார். உள்ளே ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். எனக்குப் பெரிய உற்சாகம். மூன்றாம் நாள் ஜாக்கி வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கி இறக்கியபோது இடது பின்கதவு சாத்தவில்லை. வலது கதவு சாத்தியது, திறக்கவில்லை. அப்பா வண்டியை இரண்டு முறை சுற்றி வந்தார். கதவிடுக்கில் விரலை வைத்துப் பார்த்தார். மேலே ஒரு விரல் கனம் இடைவெளி, கீழே நூல் நுழையாது. பிறகு உதவியாளரிடம் சொன்னார்: "நாம வெட்டுனது தகரம் இல்லடா, முதுகெலும்பு."

பிறகு இரண்டு வாரம் வேலை நடந்தது. தரையின் குறுக்கே இரும்புச் சேனல் வைத்து வெல்டிங், கூரை ஓரத்தில் உள்பக்கமாக இன்னொரு சட்டம், பின்னால் மேல்நோக்கித் திறக்கும் கதவு, அதற்கு ஒரு முட்டுக்கம்பி. வெளியே வந்த வண்டி அழகாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இலைக்கட்டு அதில் நீட்டமாகப் படுத்தது. ஒன்பது வருடம் ஓடியது.

அப்பா செய்தது ஓர் எஸ்டேட் கார் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் பட்டறைக்குப் போகாமல் பாலிடெக்னிக்கில் இயந்திர வரைபடம் கற்பிக்கும் ஆசிரியனானேன். ஆனாலும் கூரை நீண்ட எந்தக் காரைக் கண்டாலும் அதன் கதவிடுக்கைப் பார்க்கும் பழக்கம் மட்டும் விட்டுப்போகவில்லை. பல வருடங்களாக இந்த வண்டிகளைப் பற்றித் தேடிப் படித்து வருகிறேன். குறிப்பாக, பெரிய நிறுவனங்களின் புகழ்பெற்ற கார்களில் ஒன்றோ இரண்டோ மட்டும் எஸ்டேட்டாகச் செய்யப்பட்டு, விற்பனைக்கு வராமலே நின்றுபோனவை. அவை ஏன் நின்றன என்ற கேள்விக்கு நான் கண்ட விடையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர். கூரை பின்கோடி வரை நேராகப் போய், அங்கே மேல்நோக்கித் திறக்கும் ஒரு கதவோடு முடியும் கார். பின்சீட்டை மடக்கினால் முன்சீட்டின் முதுகு வரை ஒரே தளம். நம் ஊரில் இதற்கு ஸ்டேஷன் வேகன் என்று பெயர். அது அமெரிக்கச் சொல். ரயில் நிலையத்திலிருந்து ஆளையும் பெட்டியையும் ஏற்றிவந்த வண்டி. இங்கிலாந்தில் எஸ்டேட் என்பார்கள், பெரிய பண்ணை வீடுகளின் நிலபுலத்துக்குள் ஓடியதால். அங்கேயே வேட்டைக்குப் போகிறவர்கள் வைத்திருந்த உயர்ரக வண்டிக்கு ஷூட்டிங் பிரேக் என்று இன்னொரு பெயர் உண்டு. இந்த 'பிரேக்' நாம் காலால் மிதிக்கும் பிரேக் அல்ல. இளங்குதிரைகளை வண்டிக்குப் பழக்கப் பூட்டும் கனமான சட்டவண்டியின் பெயர் அது. பின்னர் வேட்டைக்காரர்களையும் நாய்களையும் துப்பாக்கிகளையும் ஏற்றும் குதிரை வண்டிக்கு வந்தது, அங்கிருந்து காருக்கும் வந்தது. இத்தாலியர்கள் 'ஃபமிலியாரே' என்கிறார்கள். குடும்ப வண்டி. எனக்குப் பிடித்த பெயர் அதுதான்.

ஆரம்ப காலத்தில் இவற்றைச் செய்தவர்கள் தச்சர்கள். காரின் முன்பாதியைத் தொழிற்சாலை கொடுக்கும். பின்பாதியை மரச்சட்டம் வைத்து இழைத்துக் கட்டுவார்கள். மோரிஸ் மைனர் டிராவலர் என்ற பிரிட்டிஷ் வண்டியில் இந்த மரச்சட்டம் 1971 வரை இருந்தது. வெளியே தெரியும் அந்த ஆஷ் மரம் அலங்காரத்துக்கு ஒட்டியதல்ல, வண்டியின் பின்பாதியைத் தாங்குவதே அதுதான். மரம் உளுத்தால் வண்டி சாலைத் தகுதித் தேர்வில் தோற்றுவிடும். நம் அம்பாசடரின் மூலமான மோரிஸ் ஆக்ஸ்போர்டுக்கும் இங்கிலாந்தில் டிராவலர் என்ற எஸ்டேட் வடிவம் இருந்தது. அதை நான் பின்னாளில்தான் அறிந்தேன். அப்பா வேப்பமரத்தடியில் இரண்டு வாரம் பட்ட பாட்டுக்கு, கடல் கடந்து ஒரு வரைபடம் முன்பே இருந்திருக்கிறது.

இனி, அப்பா சொன்ன அந்த முதுகெலும்பு. லாரிக்கும் ஜீப்புக்கும் அடியில் ஏணி போல ஒரு சேஸிஸ் உண்டு. மேலே என்ன கூண்டு கட்டினாலும் சுமையைத் தாங்குவது கீழே உள்ள அந்த ஏணி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த பெரும்பாலான கார்களில் அது இல்லை. தரை, தூண்கள், கூரை, தடுப்புத் தகடுகள் எல்லாம் சேர்ந்து ஒரே பெட்டியாகத் தாங்குகின்றன. மூடிய அட்டைப் பெட்டியை முறுக்கிப் பாருங்கள், முறுகாது. மூடியைக் கிழித்துவிட்டு முறுக்குங்கள். பின்சீட்டுக்குப் பின்னால் குறுக்கே நிற்கும் தகடும் பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையும்தான் அந்த மூடி. எஸ்டேட் செய்ய வேண்டுமென்றால் முதலில் எடுக்க வேண்டியவை அவைதான். எடுத்த வலுவை வேறெங்காவது திருப்பிக் கொடுத்தாக வேண்டும். பின்கதவுச் சட்டத்தைச் சுற்றிலும், தரையிலும், கூரை விளிம்பிலும்.

அது போதாது. சுமை கூடுவதால் பின் ஸ்பிரிங் மாற வேண்டும். பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால் நிற்கும் வண்டியானால் அதைத் தரைக்கு அடியில் இறக்க வேண்டும். நீண்ட கூரைத் தகடு ஓடும்போது பறை போல அதிரும். செங்குத்தாக முடியும் பின்புறம் காற்றை உறிஞ்சித் தூசியையும் சைலன்சர் புகையையும் திரும்ப இழுத்துவரும். பின்கதவின் ரப்பர் சரியாக உட்காராவிட்டால் புகை உள்ளேயே வரும். எங்கள் இலை வியாபாரி ஒவ்வொரு நாளும் பின் கண்ணாடியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எஸ்டேட் கார்களில் பின்னாலும் ஒரு வைப்பர் இருப்பது அதற்காகத்தான்.

இவை எல்லாம் தீர்க்கக்கூடிய சிக்கல்கள். ஒரு பட்டறையே தீர்த்துவிடுகிறது. தொழிற்சாலைக்குத் தடையாக நிற்பவை வேறு இரண்டு. ஒன்று அச்சு. புதிய கூரைக்கு, புதிய பக்கவாட்டுத் தகட்டுக்கு, பின்கதவுக்கு என ஒவ்வொன்றுக்கும் அழுத்து எந்திரத்தில் பொருத்தும் எஃகு அச்சுகள் வேண்டும். காரின் மிகப் பெரிய தகடுகள் இவை. அச்சும் அதற்கேற்ற விலை. ஆயிரக்கணக்கில் விற்றால்தான் அந்தப் பணம் திரும்பும். மற்றொன்று கௌரவம். எஸ்டேட் என்றால் பிளம்பரும் பெயின்டரும் ஏணி வைத்து ஓட்டும் வண்டி என்ற எண்ணம் ஐரோப்பாவில் வலுவாக இருந்தது. மெர்சிடிஸ் பென்ஸ் தன் பெயரில் முதல் எஸ்டேட்டை 1977-இல்தான் காட்டியது. அதுவரை அந்தக் கார்களின் கூரையை நீட்டியவர்கள், ஆம்புலன்ஸ் கட்டும் பின்ஸ் போன்ற வெளிப் பட்டறைக்காரர்கள். மெர்சிடிஸ் செய்த அந்த முதல் வண்டி கிட்டத்தட்ட இரண்டு லட்சம் விற்றது. வாங்க ஆள் இல்லை என்று எத்தனை வருடம் நம்பியிருந்தார்கள் என்பதை அந்த எண் காட்டிவிடுகிறது.

நான் கவனித்த விஷயம் இங்கேதான் வருகிறது. வாங்குபவருக்கு வேண்டாம் என்று நிறுவனம் முடிவு செய்த வண்டியை, அந்த நிறுவனத்தின் தலைவரே தனக்கென்று செய்து வைத்துக்கொண்டது ஒரு முறை மட்டும் நடந்ததல்ல.

ஆஸ்டன் மார்ட்டினின் உரிமையாளர் டேவிட் பிரவுன். டிராக்டரும் கியரும் செய்து சம்பாதித்தவர். 1947-இல் ஆஸ்டன் மார்ட்டினை வாங்கினார். டி.பி.5, டி.பி.6 என்று அந்தக் கார்களின் பெயரில் வரும் டி.பி. அவருடைய முதலெழுத்துகள்தாம். 1964-இல் 'கோல்ட்ஃபிங்கர்' படத்தில் ஜேம்ஸ் பாண்ட் ஓட்டியது டி.பி.5. உலகமே அந்தக் காரின் சரிந்து இறங்கும் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வேட்டைப் பிரியரான பிரவுனுக்கு அதில் தன் நாயை ஏற்ற இடம் போதவில்லை. நியூபோர்ட் பாக்னெலில் இருந்த தன் தொழிற்சாலையிலேயே ஒன்றைக் கூரை நீட்டிச் செய்யச் சொன்னார். பார்த்த நண்பர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். தொழிற்சாலைக்கு அதற்கு நேரமில்லை. லண்டனில் ஹெரால்ட் ராட்ஃபோர்டு என்ற கூண்டு கட்டும் நிறுவனத்திடம் வேலை போனது. அந்தக் காரின் உடல் மெல்லிய எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் போர்த்திய அலுமினியத் தோல். முடிந்த புதுக் காரின் தோலைக் கிழித்து, குழாயை அறுத்து, மறுபடி நீட்டி, கையால் அலுமினியம் தட்டி மூட வேண்டும். ஆயிரத்தைச் சற்றே தாண்டிய டி.பி.5-களில் இப்படி மாறியவை ஒரு டஜன் அளவில்தான்.

இத்தாலியில் ஃபியட். அந்த நிறுவனத்தின் தலைவர் ஜியானி அன்யெல்லி. 1970-களில் ஃபியட்டின் மிக உயர்ந்த கார் 130. அது செடானாகவும் கூபேயாகவும் விற்றது, எஸ்டேட்டாக வரவே இல்லை. ஆனால் அன்யெல்லி குடும்பத்துக்கு மலைக்கும் தோட்ட வீட்டுக்கும் போய்வர 130 ஃபமிலியாரே என்று கூரை நீண்ட வண்டிகள் செய்யப்பட்டன. விரல்விட்டு எண்ணிவிடலாம். ஜியானி அன்யெல்லியின் வண்டியின் கூரைமேல் பிரம்புக் கூடை ஒன்று பொருத்தியிருக்கும். படத்தில் பார்த்தாலே உள்ளே யாரெல்லாம் ஏறி எங்கே போகப்போகிறார்கள் என்று கேட்கத் தோன்றும்.

மூன்றாவது கதையின் வண்டியை நான் நேரில் பார்த்தேன். மகள் கோவென்ட்ரியில் வேலையில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போனபோது அருகில் கேடன் என்னும் ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்கு அழைத்துப் போகச் சொன்னேன். அவள் அரண்மனை காட்டலாம் என்றிருந்தாள். "அப்பா, லீவு எடுத்தது இதுக்கா?" என்றாள். இதற்குத்தான்.

ரோவர் எஸ்.டி.1. 1976-இல் வந்த பெரிய கார். டேவிட் பேச் வடிவமைத்தது; முன்புறத்தில் ஃபெராரி டேடோனாவின் சாயல் இருக்கும். அடுத்த ஆண்டே ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருது கிடைத்தது. அதன் எஸ்டேட் வடிவத்துக்கு இரண்டு மாதிரிகள் செய்தார்கள். ஓட்டிப் பார்க்கும் அளவுக்கு முழுமையான வண்டிகள். ஆனால் ரோவரைத் தன்னுள் வைத்திருந்த பிரிட்டிஷ் லேலண்ட் 1975-லேயே அரசு கைக்குப் போயிருந்தது. வேலைநிறுத்தம், நஷ்டம், ஒவ்வொரு பைசாவுக்கும் அரசிடம் கை நீட்ட வேண்டிய நிலை. புதிய அச்சுக்குப் பணம் இல்லை. திட்டம் நின்றது. மாதிரிகளில் ஒன்றை நிறுவனத்தின் தலைவர் மைக்கேல் எட்வர்ட்ஸ் தன் சொந்தப் போக்குவரத்துக்கு வைத்துக்கொண்டார். எஸ்.டி.1 1986 வரை விற்பனையில் இருந்தது. எஸ்டேட் வரவே இல்லை.

கேடனில் அதன் முன் நான் நின்ற நேரத்தில் மகள் இரண்டு முறை காபி குடித்துவிட்டு வந்தாள். வாங்கியிருப்பார்களா என்று கேட்டால், வாங்கியிருப்பார்கள் என்றே சொல்வேன். அதற்கு முந்தைய ரோவர் பி6 காரைப் பாருங்கள். அதற்கும் நிறுவனம் எஸ்டேட் செய்யவில்லை. ஆனால் லண்டனில் பேனல்கிராஃப்ட் என்ற பட்டறை, புது பி6 கார்களை வாங்கிவருபவர்களுக்குக் கூரையை நீட்டிக் கொடுத்தது. காருக்கு ஒரு விலை, வெட்டுக்கூலி தனி. அப்படியும் நூற்றைம்பது பேருக்கு மேல் பணம் கொடுத்துச் செய்துகொண்டார்கள். புத்தம் புதுக் காரை அறுவைக்குக் கொடுக்கும் அளவுக்குத் தேவை இருந்திருக்கிறது. எஸ்.டி.1-க்குத் தேவை இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஜாகுவாரின் கதையைச் சொல்லும்போது எனக்கு மனம் கனக்கும். மைக் ஹாதோர்ன், 1958-இல் ஃபார்முலா ஒன் உலகப் பட்டம் வென்ற முதல் பிரிட்டிஷ்காரர். டங்கன் ஹாமில்டன், 1953-இல் லே மான் பந்தயத்தை வென்றவர். இருவரும் நண்பர்கள். இருவரும் சேர்ந்து ஜாகுவாரின் சிறிய செடானுக்கு ஒரு எஸ்டேட் வடிவத்தை யோசித்தார்கள். பந்தய ஓவியர் ராய் நாக்கோல்ட்ஸ் அதை வரைந்தார். 1959 ஜனவரியில் ஹாதோர்ன் கில்ஃபோர்டு அருகே தன் ஜாகுவாரை ஓட்டிப் போகும்போது விபத்தில் இறந்தார். வயது 29. அதன்பின் வில்ஸ்டனில் இருந்த ஜோன்ஸ் பிரதர்ஸ் என்ற கூண்டுப் பட்டறை அந்த வரைபடத்தைத் தகரத்தில் செய்து முடித்தது. கவுன்டி என்று பெயர். மார்க் 2 ஜாகுவார், கூரை நீண்டது, உலகத்தில் ஒன்றே ஒன்று. பந்தயங்களுக்கு உதிரி பாகங்கள் கொண்டுபோகும் வண்டியாக ஜாகுவார் அதைப் பயன்படுத்திக்கொண்டது. தொடர்ந்து செய்யவில்லை.

இருபது வருடம் கழித்து லிங்ஸ் என்ற சிறிய நிறுவனம் வேறொரு ஜாகுவாரில், எக்ஸ்.ஜே.எஸ். கூபேயில், அதையே செய்து காட்டியது. ஈவென்டர் என்று பெயர். சீட்டுக்குப் பின்னால் இருந்த பெட்ரோல் டேங்கைக் கீழே இறக்கி, அந்த இடத்தைச் சாமானுக்குத் திறந்தார்கள். 1982 முதல் இருபது வருடத்தில் 67 வண்டிகள். மூல வண்டியைவிட அதுதான் அழகு என்பது என் முடிவு. எத்தனையோ பேரிடம் இதற்காக வாதாடியிருக்கிறேன்.

வோல்வோ இவர்களில் துணிந்த நிறுவனம். 1800 கூபேயை 1972-இல் எஸ்டேட்டாக மாற்றி, பின்கதவு முழுவதையும் சட்டமே இல்லாத ஒற்றைக் கண்ணாடியாக வைத்தது. ஜெர்மானியர்கள் அதைப் பார்த்து ஸ்னோ ஒயிட்டின் சவப்பெட்டி என்று பெயர் வைத்தார்கள். இரண்டே ஆண்டுகளில் 8,077 வண்டிகள். அதற்கு முன் பியெட்ரோ ஃப்ருவா இத்தாலியில் வரைந்து செய்துகாட்டிய வேறொரு வடிவம் நிராகரிக்கப்பட்டது. ராக்கெட் என்று அழைக்கப்பட்ட அந்த மாதிரி வண்டி கோதன்பர்க்கில் இருந்த வோல்வோ அருங்காட்சியகத்துக்குப் போனது.

இத்தனை பெயர்களிலும் எனக்கு மிக நெருக்கமானவர் கடைசியாக வருபவர். மேக்ஸ் ரைஸ்பாக். மியூனிக்கில் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தில் மாதிரி வண்டிகளுக்கு உடல் தகடு செய்யும் பிரிவில் வேலை. நம் பட்டறைச் சொல்லில் டிங்கர். 1980-களின் நடுவில் அவருக்கு இரண்டு சிறு குழந்தைகள். விடுமுறைக்குக் கிளம்பினால் பெட்டிகள், மூன்று சக்கர சைக்கிள், விளையாட்டுச் சாமான் எதுவும் 3 சீரிஸ் டிக்கியில் அடங்கவில்லை. அவர் வேலை செய்த நிறுவனம் அப்போது எஸ்டேட் விற்கவில்லை. 1970-களின் தொடக்கத்தில் டூரிங் என்ற பெயரில் பின்கதவு வைத்த ஒரு சிறு காரை விற்றுப் பார்த்துவிட்டு விட்டிருந்தார்கள். வேறு நிறுவனத்தின் வண்டி வாங்க அவருக்கு மனமில்லை.

விபத்தில் பின்புறம் நொறுங்கிய ஆறு சிலிண்டர் 3 சீரிஸ் ஒன்றை மலிவாக வாங்கினார். நண்பர் ஒருவரின் பட்டறையில், வேலை நேரம் போக மீதி நேரத்தில் வெட்டத் தொடங்கினார். ஆறு மாதம். சுமார் 30,000 மார்க் செலவு. தொழிற்சாலையின் அச்சுகள் அவர் கைக்கு எட்டாது. ஆகவே செடானிலிருந்து எதையெல்லாம் அப்படியே வைத்துக்கொள்ள முடியுமோ அதையெல்லாம் வைத்துக்கொண்டார். பின்விளக்குகளை இடம் மாற்றவில்லை. பின்கதவை அந்த விளக்குகளுக்கு இடையில் அடங்கும்படி செய்தார். அதனால் வாசல் கீழே குறுகிவிட்டது. அகலமான பெட்டியைச் சற்றுத் தூக்கித்தான் உள்ளே தள்ள வேண்டும். ஆனால் பார்வைக்கு அது ஒட்டுப்போட்ட வண்டியாக இல்லை. இப்படியே பிறந்த வண்டி போல இருந்தது. டிங்கரிங் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். நீட்டிய கூரை ஒரு நூல் உயர்ந்தால் சவ வண்டியாகிவிடும், ஒரு நூல் தாழ்ந்தால் முதுகு ஒடிந்த மாடாகிவிடும். அந்தக் கோட்டைப் பிடிக்கக் கண்தான் வேண்டும்.

வண்டி மேலதிகாரிகள் கண்ணில் பட்டது. அவர்கள் அதைத் திரும்ப வீட்டுக்கு ஓட்டிப் போக விடவில்லை; நிறுவனத்திலேயே வைத்துக்கொண்டு தயாரிப்புக்கு எடுத்தார்கள். 1987 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 3 சீரிஸ் டூரிங் உலகத்துக்கு வந்தது. தயாரிப்பு நிற்பதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது. தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டிகளிலும் பின்விளக்குகள் அதே இடத்தில்தான். நண்பரின் பட்டறையில் கைச் செலவுக்குப் பயந்து ஒருவர் எடுத்த முடிவு, ஒரு லட்சம் வண்டிகளின் பின்புறத்தில் அப்படியே பதிந்திருக்கிறது. அடுத்த முறை படத்தில் பார்த்தால் கவனியுங்கள், அந்த வாசல் கீழே குறுகியிருக்கும்.

முதலாளிகள் தங்களுக்கென்று செய்துகொண்ட எஸ்டேட்டுகள் ஒன்று, நான்கு, ஒரு டஜன் என்று நின்றுவிட்டன. பிள்ளைகளின் சைக்கிளுக்காக ஒரு தொழிலாளி வெட்டிய வண்டி மட்டும் ஊரெல்லாம் போனது. வண்டியில் சாமான் ஏற்றும் கை யாருடையதோ, இடம் போதாதது முதலில் தெரிவது அவருக்குத்தான். டேவிட் பிரவுனின் நாயும் உண்மையான தேவைதான். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தன் நாய்க்கு இடம் கிடைத்ததும் அந்தக் கேள்வி அவருக்கு முடிந்துவிட்டது. ரைஸ்பாக்கின் வண்டியைப் பார்த்தவர்களுக்கு இரண்டு பிள்ளைகள் உள்ள ஒவ்வொரு வீடும் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

பி.எம்.டபிள்யூ. அதன் பிறகும் ஒரு முறை தயங்கியது. தன் வேகமான எம்3 காரை எஸ்டேட்டாகச் செய்ய முடியுமா என்று பார்க்க 2000-இல் ஒரே ஒரு மாதிரி செய்தது. அகன்ற சக்கரத்துக்காகப் பின் மட்கார்டு வெளியே புடைக்க வேண்டும். சாதாரண டூரிங்கின் பின்சீட்டுக் கதவுகளுக்குப் புதிய அச்சு இல்லாமலே அதைப் பொருத்த முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும் என்று வண்டி காட்டியது. ஆனாலும் விற்பனைக்கு வரவில்லை. 2016-இல்தான் வெளியாட்கள் கண்ணில் காட்டினார்கள். எம்3 டூரிங் என்ற வண்டி 2022-இல்தான் விற்பனைக்காக அறிமுகமானது.

அப்பா 2009-இல் போய்விட்டார். அந்த அம்பாசடர் இலை வியாபாரியின் மகன் காலத்தில் காயலான் கடைக்குப் போனது. அதை யாரும் படமெடுத்து வைக்கவில்லை. இரும்புச் சேனல் எந்த இடத்தில் வைத்தார், கூரை விளிம்பை எப்படி மடித்தார் என்று இன்று நான் வரைய நினைத்தாலும் பாதிதான் நினைவில் வருகிறது. ஜோன்ஸ் பிரதர்ஸ் பட்டறையில் கவுன்டியின் தகட்டைத் தட்டியவர்கள் பெயரும் எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. ரைஸ்பாக்கின் பெயர் தங்கியது, அவருடைய வண்டி தயாரிப்புக்குப் போனதால்.

நம் ஊர்களில் இன்னும் இப்படி வெட்டி நீட்டிய பழைய வண்டிகள் மாட்டுக்கொட்டகையிலும் அரிசி ஆலைக்குப் பின்னாலும் நிற்கின்றன. உங்கள் கண்ணில் ஒன்று பட்டால் நான்கு பக்கமும் படமெடுங்கள். பின்கதவைத் திறந்து உள்பக்கம் எங்கெங்கே வெல்டிங் போட்டிருக்கிறது என்று பாருங்கள். எதை ஏற்றுவதற்காகச் செய்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். செய்த டிங்கரின் பெயரையும், பட்டறை இருந்த தெருவையும் படத்தின் பின்னால் எழுதி வையுங்கள்.